செவ்வாய்க்கிழமை வகுப்பு

விடிய இன்னும் நேரமிருந்தது. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்துத் தொழிற்பேட்டைத் தெருவில், உறைபனி படிந்த நடைபாதையை மிதித்துக்கொண்டு பெண்கள் இருவர் மூவராகச் சலவை ஆலைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். கதவு வரைக்கும்தான் குளிர். அதைத் திறந்ததும் ஈரச் சூடு முகத்தில் அறையும். சவர்க்காரக் காரமும் வெந்த பருத்தியும் கலந்த வாடை தொண்டையில் போய் உட்காரும். சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகளில் நோயாளிகள் கண்விழிப்பதற்குள் அவர்களுக்கு வெள்ளை விரிப்புகள் போய்ச் சேர வேண்டும். அதற்காக இந்தப் பெண்கள் கோழி கூவாத தேசத்தில் கோழிக்கு முன்னே எழும்பினார்கள்.

பிரபாலினி ஊட்டும் மேசையில் நின்றாள். சலவை இயந்திரம் பிழிந்து தள்ளும் துணிப் பந்தைப் பிரித்து, முறுக்கிக் கிடக்கும் விரிப்பின் இரண்டு மூலைகளையும் தேடிப் பிடித்து, தலைக்கு நேரே தொங்கும் கவ்விகளிடம் கொடுப்பது அவள் வேலை. கவ்வி துணியை வெடுக்கென்று பறித்துக்கொண்டு போகும். சூட்டில் உருளும் பெரிய உருளைகளுக்குள் விரிப்பு நுழைந்து, மறுபக்கம் காய்ந்து, மடிப்பு இயந்திரத்தில் விழுந்து மடியும். ஒரு விரிப்புப் போவதற்குள் அடுத்ததன் மூலைகள் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சிவப்பு விளக்கு எரியும். பழைய இயந்திரத்தோடு பேச்சு வைத்துக்கொள்ளலாம். மூச்சு வாங்க அது சற்றே நின்று தரும். இந்தப் புதியது நிற்பதில்லை. தோள்மூட்டு கழன்று போகிற மாதிரி வலித்தாலும் கை மேலேதான் போக வேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வியாழனும் காலை வேளையில் பிரபாலினியும் அவளோடு நின்ற பெண்களும் அந்த இடத்தில் நின்றிருக்கவே கூடாது. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் அந்நேரம் மேல்மாடி வகுப்பறையில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படிப்பு வந்த கதை இதுதான். போன வசந்தத்தில் புதிய இயந்திர வரிசை வந்து இறங்கியபோது, பழைய ஆட்களை என்ன செய்வார்களோ என்று எல்லோரும் பயந்தார்கள். முதலாளி ஹோல்ட்கம்ப் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார். ஒருவரையும் நிறுத்தப் போவதில்லை, புதிய இயந்திரத்துக்கு எல்லோரையும் பயிற்றுவிக்கப் போவதாகச் சொன்னார். வேலைவாய்ப்பு அலுவலகம் நிறுவனங்களுக்கு உதவித்தொகை தருகிறது. வகுப்புச் செலவில் பெரும் பங்கையும், படிக்கும் நேரத்துச் சம்பளத்தில் பாதிக்கு மேலும் அரசே கொடுக்கும். முடிவில் பரீட்சை, சான்றிதழ், அதற்கேற்ற சம்பளப் படி. பெண்கள் கை தட்டினார்கள். பிரபாலினி கொஞ்சம் கூடுதலாகவே தட்டினாள்.

அவளுக்குப் படிப்பென்றால் ஆசை. வல்வெட்டித்துறையில் உயர்தர வகுப்பில் இருக்கும்போது சண்டை மூண்டு பள்ளிக்கூடம் அகதி முகாமானது. பிறகு கலியாணம், விமானம், இந்த நாடு. மாடிப்படி துடைத்தாள், பாத்திரம் கழுவினாள், பிறகு இங்கே வந்தாள். ஒரு தாளில் தன் பெயரை அச்சடித்து, இன்ன தொழில் தெரிந்தவள் என்று யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. "அம்மாவும் அவுஸ்பில்டுங் செய்யிறா" என்று, தொழிற்படிப்புக்கான ஜெர்மன் சொல்லைப் போட்டு, மகள் சுஜானி தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்தபோது, அது கேலியா பெருமையா என்று பிரிக்கத் தெரியாமல் அவளும் சிரித்தாள்.

டோர்ட்முண்டிலிருந்து ஓர் ஆசிரியர் வந்தார். மெல்லிய மனிதர், மெதுவாகப் பேசுவார், விளங்காவிட்டால் பலகையில் படம் போடுவார். துணி நார் எப்படிச் சூட்டைத் தாங்குகிறது, எந்தக் கிருமி எந்தச் சூட்டில் சாகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, இத்தனை வருடம் கை செய்த வேலையின் உள்ளே இப்படி ஒரு உலகம் இருந்ததா என்று பிரபாலினி வியந்தாள். இயந்திரப் பாடத்துக்கு அவர் வந்து சேருமுன்னே இரண்டு மருத்துவமனைகளின் புதிய ஒப்பந்தம் வந்துவிட்டது. "இந்த வாரம் மட்டும் கீழே நில்லுங்கள்" என்றார் ஹோல்ட்கம்ப். அடுத்த வாரமும் அதையே சொன்னார். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டார். ஆசிரியர் வரவில்லை. வகுப்பறையில் பழைய கம்பளிகளை அடுக்கினார்கள். மீதிப் பாடமெல்லாம் ஆலையின் ஆளைக்கொண்டே அதே வகுப்பறையில் நடப்பதாக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குச் சொல்லப்பட்டது. கற்பிப்பவர் என்று ஷிப்ட் பொறுப்பாளர் இரத்தினத்தின் பெயர் போனது. வாரக் கடைசியில் வகுப்பு வரவுக்குக் கையெழுத்துக் கேட்பார்கள். பெண்கள் வைத்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இயந்திரத்தின் மறுபக்கத்தில், மடிந்து வரும் விரிப்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டு நூர்ஜான் நின்றாள். இஸ்தான்புல்லில் பிறந்து இந்த ஊரிலேயே வளர்ந்தவள். இரைச்சலுக்கு மேலால் பாட்டுப் பாடுவாள். ஒரு விரிப்பு மடிப்பு இயந்திரத்துக்குள் சுருண்டு சிக்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நூர்ஜான் நிறுத்தும் பொத்தானை அமத்தினாள், மூடியைத் திறந்தாள், கையை விட்டுத் துணியை இழுத்தாள். இயந்திரம் நின்றுதான் இருந்தது. ஆனால் அதன் குழாய்களுக்குள் அடைத்த காற்று நிற்கவில்லை. துணி விடுபட்டதும் அதுவரை தடைப்பட்டிருந்த இரும்புக் கை முழு விசையோடு கீழே இறங்கியது.

அவளுடைய அலறல் அவள் பாட்டைப் போலவே இரைச்சலுக்கு மேலால் எழும்பியது. பிரபாலினி ஓடிப் போனபோது வெள்ளை விரிப்புச் சிவந்து கிடந்தது. யாருக்கும் எந்தத் திருகைத் திறந்தால் காற்று இறங்கும் என்று தெரியவில்லை. இரத்தினம் ஓடி வந்து கண்ணில் பட்ட குழாயை எல்லாம் திருகினார். ஒன்றில் சீறல் சத்தத்தோடு காற்று வெளியேறியது. அதன் பிறகுதான் கையை எடுக்க முடிந்தது.

மறுநாள் ஹோல்ட்கம்ப் மறுபடியும் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார். அவர் முகம் உண்மையிலேயே வெளிறிப் போயிருந்தது.

"நூர்ஜானுக்காக வருந்துகிறேன்" என்றார். "ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்றை இறக்காமல் கையை விடக் கூடாது என்பது பயிற்சியில் உள்ள பாடம். பயிற்சி பெற்ற ஒருவர் இதைச் செய்தது கவனக்குறைவு."

"எந்தப் பயிற்சி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. போலந்துக்காரி டனுட்டா.

"நீங்கள் எல்லோரும் பங்குபற்றிய பயிற்சி" என்றார் ஹோல்ட்கம்ப் மெதுவாக. "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்தும் விபத்துக் காப்புறுதியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். உங்களோடு பேசுவார்கள். உதவித்தொகையை அவர்கள் திருப்பிக் கேட்டால் இந்த ஆலை அதைத் தாங்காது. கதவை மூடுவேன். நான் பயமுறுத்தவில்லை. நிலைமையைச் சொல்கிறேன்."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குத் திரும்பினார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது இரத்தினம் காருக்குப் பக்கத்தில் நின்றார். பிரபாலினிக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். மழைநாளில் வீடுவரை கொண்டுபோய் விடுவார். அன்று மழை இல்லை.

"ஏறு பிள்ளை. நான் அந்தப் பக்கந்தான் போறன்."

காரைப் பெருந்தெருவில் ஏற்றினார். பிறகு, "வெள்ளிக்கிழமை உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்கள் எண்டு ஹோல்ட்கம்ப் சொல்லுறான். உனக்கு டொச் பாஷை நல்லா வருமாம்" என்றார்.

"என்ன சொல்ல வேணுமாம் அண்ணை?"

"வகுப்பு நடந்தது எண்டு சொன்னால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

"நடக்கேல்லையே."

"எனக்குத் தெரியாதே?" என்று சீறினார் இரத்தினம். உடனே குரல் தணிந்தது. "பிரபா, என்ரை பேரைத்தான் போட்டு வைச்சிருக்கிறான், படிப்பிச்சது நான் எண்டு. நான் கேட்டனான், எனக்கே இந்த மெசின் தெரியாது, நான் என்னத்தைப் படிப்பிக்கிறது எண்டு. சும்மா பேருக்குத்தான் எண்டவன். எனக்கும் அப்ப ஒரு புளுகம், ஒரு சந்தோசம், ஆசிரியர் எண்டு போடுறாங்கள் எண்டு. பென்சனுக்குக் கொஞ்சக் காலம்தான் கிடக்கு. நீங்கள் எல்லாரும் இல்லையெண்டு சொன்னால் அவன் தப்பிவிடுவான். மாட்டுறது நான்."

பிரபாலினி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் வெளிச்சம் இல்லாமல் நின்றது.

"நூர்ஜானுக்கு ரெண்டு விரல் போயிட்டுது அண்ணை."

"தெரியும். நான்தானே துணியாலை சுத்திப் பிடிச்சனான்." ஸ்டியரிங்கில் இருந்த தன் கைகளைப் பார்த்தார். "இதைச் செய் எண்டு நான் கேக்கிறது பிழைதான். ஆனால் ஆரிட்டை நான் கேக்க?"

அவளால் அவரைக் கோபிக்க முடியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று இறங்கிக்கொண்டாள்.

வீட்டில் கணவன் தவராசாவிடம் சொன்னாள். அவன் உணவகச் சமையலறைக்குப் போகக் காலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். "இரத்தினம் அண்ணை எங்களுக்குச் செய்தது கொஞ்சமில்லை" என்றான். முடிச்சை இறுக்கிவிட்டு, "ஆனால் நாளைக்கு உன்ரை கை அதுக்குள்ளை போனாலும் நீயும் படிச்சவள் எண்டுதானே சொல்லுவாங்கள்" என்று முனகிவிட்டு வெளியே போனான்.

சனிக்கிழமை பிரபாலினி நூர்ஜானைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள். நூர்ஜான் ஜன்னலோரக் கட்டிலில், கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் ஆலை தான் வெளுக்கும் துணிகளுக்குப் போடும் நீலத் தையல் இருந்தது. பிரபாலினி அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"பிரபா, என்னிடம் உண்மையைச் சொல்" என்றாள் நூர்ஜான் ஜெர்மன் மொழியில். "முதலாளி வந்து போனார். பூ கொண்டுவந்தார். காற்றை இறக்குவது பாடத்தில் இருந்ததாம். அந்தப் பாடம் எப்போது நடந்தது? நான் அன்று லீவிலா? என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரமா? நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு ஞாபகமே வரவில்லை."

பிரபாலினி நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள். விரல்களைத்தான் இயந்திரம் எடுத்தது. அதற்குப் பிறகும் வந்து, தப்பு உன்னுடையது என்று இவளையே நம்பவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நடக்காத பாடத்தை நினைவில் தேடித் தேடி இவள் தூங்காமல் கிடக்கிறாள்.

"அப்படி ஒரு பாடம் நடக்கவே இல்லை" என்றாள். "உனக்கு மட்டுமில்லை, எங்களில் ஒருத்திக்கும் நடக்கவில்லை. நீ ஒன்றையும் மறக்கவில்லை நூர்ஜான்."

நூர்ஜான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிரபாலினி அவளுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழும்பும்போது அவளுக்குள் ஏதோ முடிவாகியிருந்தது. என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் அவள் பேச்சை எடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு டனுட்டா அதில் சாய்ந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை உண்மையைச் சொல்ல வேண்டும்" என்றாள் பிரபாலினி.

"சொல்லு. சனிக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்போம்" என்றாள் டனுட்டா. "நாமும்தானே கையெழுத்து வைத்தோம். நம்மையும் கேட்க மாட்டார்களா?"

"கேட்கட்டும். யார் வைக்கச் சொன்னது என்பதையும் கேட்கட்டும்."

சிரியாவிலிருந்து வந்த ஹலா, விசா நீட்டிப்புக்கு அதிகாரிகள் நாள் குறித்த டெர்மின் வரும் மாதம் என்றாள். வேலை போனால் விசாவும் போகும் என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு கடன், ஒரு பிள்ளை, ஒரு தாள். நாம் பேசினால் ஆலை மூடும், பேசாவிட்டால் அடுத்த கை போகும் என்று பேச்சு செக்குமாடு போலச் சுற்றியது.

"ஆலை மூடுவது நமக்கு வேண்டாம்" என்றாள் பிரபாலினி கடைசியில். "நமக்குப் படிப்புத்தானே வேண்டும்? முதலாளி தருவதாகச் சொன்ன, அரசாங்கம் காசு கொடுத்த அந்தப் படிப்பு. நாளைக்குச் செவ்வாய். நாளைக் காலை நமக்கு வகுப்பு. வகுப்புக்குப் போவோம்."

"அங்கே கம்பளி அல்லவா கிடக்கிறது?"

"கம்பளியைத் தள்ளி வைத்துவிட்டு உட்காருவோம். ஆசிரியர் வரும்வரை உட்காருவோம். வேலைநிறுத்தம் என்று சொல்ல முதலாளியால் முடியாது. நாம் வகுப்பில் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான்."

டனுட்டா வயிறு குலுங்கச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அந்த அறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. அன்று மாலையே நகரத்தில் இருந்த தொழிற்சங்க அலுவலகத்துக்கு டனுட்டா போனாள். காலையில் சங்கத்திலிருந்து ஒருவர் ஆலை வாசலுக்கு வருவார் என்ற செய்தியோடு திரும்பினாள்.

செவ்வாய்க்கிழமை. அதே குளிர், அதே ஈரச் சூடு. பெண்கள் வேலை உடை போட்டார்கள், தலைத்துணி கட்டினார்கள், ஊட்டும் மேசையைத் தாண்டி மாடிப்படி ஏறினார்கள். கம்பளி மூட்டைகளைச் சுவரோரம் இழுத்து அடுக்கித் தூசி தட்டி நீண்ட மர வாங்குகளில் உட்கார்ந்தார்கள். ஹலா கதவருகே தயங்கி நின்றாள். பிறகு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். கீழே கவ்விகள் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு போயின. உருளைகள் ஒன்றுமில்லாமல் உருண்டன. கொஞ்ச நேரத்தில் யாரோ அவற்றை நிறுத்தினார்கள். ஆலை அப்படி அமைதியாக இருந்து அவர்கள் கேட்டதே இல்லை. பிரபாலினி கைகளை மடியில் இறுகக் கோத்துக்கொண்டாள்.

ஹோல்ட்கம்ப் படிகளில் ஓடி வந்தார்.

"இது என்ன? யார் இதைத் தொடங்கியது?"

"எங்களுக்கு இப்போது வகுப்பு, ஹெர் ஹோல்ட்கம்ப்" என்றாள் பிரபாலினி.

"ஃப்ராவ் தவராசா" என்று கணவன் பெயரால் அவளை அழைத்தார். "விளையாட நேரமில்லை. பாரவண்டி கீழே நிற்கிறது. மருத்துவமனையில் நோயாளிகள் விரிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?"

"அந்த நோயாளிகளில் ஒருத்தி நூர்ஜான். நடக்காத பாடத்தை அவள் மறந்துவிட்டதாக நீங்கள்தான் சொல்லிவிட்டு வந்தீர்கள்."

அவர் முகம் சிவந்தது. "உடனே கீழே இறங்குங்கள். இது என் கட்டளை. இறங்காதவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும்."

"எழுதுங்கள்" என்றாள் டனுட்டா. "பயிற்சி நேரத்தில் வகுப்பறையில் இருந்ததற்காக எச்சரிக்கை என்று எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு அதையும் காட்டுவோம்."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஹோல்ட்கம்ப் வாங்குகளை ஒருமுறை பார்த்தார். எத்தனையோ வருடம் அவர் கண்ணில் கைகளாக மட்டுமே இருந்தவர்கள் இப்போது முகங்களாக அவரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மாடிப்படிக்குத் திரும்பி, "இரத்தினம்!" என்று கத்தினார்.

இரத்தினம் வந்தார். வேகமாக ஏறியதில் மூச்சு வாங்கியது.

"நீதான் இவர்களுக்கு ஆசிரியர். ஏதாவது பாடம் நடத்து. சீக்கிரம் முடித்துக் கீழே கூட்டி வா."

இரத்தினம் வெறும் பலகைக்கு முன்னால் போய் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிரபாலினி அவரைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்தாள். நூர்ஜானின் கையைத் துணியால் சுற்றிப் பிடித்த அந்தக் கைகள் அவள் கண்ணுக்குள் நின்றன. இப்போது அவர் எதையாவது உளறி நடத்திவிட்டால் எல்லாம் முடிந்தது; பாடம் நடந்ததாகிவிடும்.

"எனக்குத் தெரியாது" என்றார் இரத்தினம், தன் கொச்சை ஜெர்மனில்.

"என்ன?"

"இந்த மெசினைப் பற்றி எனக்கும் ஒருவரும் சொல்லித் தரவில்லை, ஹெர் ஹோல்ட்கம்ப். எந்தக் குழாயைத் திருக வேண்டுமென்று எனக்குத் தெரிந்திருந்தால் அவளுடைய கையை முதலிலேயே எடுத்திருப்பேன். நான் ஆசிரியர் இல்லை. வெள்ளிக்கிழமையும் அதைத்தான் சொல்லப் போகிறேன்." அவர் மூச்சை இழுத்துவிட்டார். "எனக்கும் படிக்க வேண்டும்."

ஹோல்ட்கம்ப் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். போலீசைக் கூப்பிடுகிறாரா, வக்கீலைக் கூப்பிடுகிறாரா, டோர்ட்முண்ட் ஆசிரியரைக் கூப்பிடுகிறாரா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் நம்புவார்களா, ஆலை இருக்குமா, ஹலாவின் விசா என்னவாகும் என்றும் தெரியவில்லை. வாசலில் சங்கத்துக்காரர் யாரோடோ உரக்கப் பேசுவது கேட்டது. படிகளில் மறுபடியும் காலடிகள் கேட்டன. எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். அழுக்குத் துணி பிரிக்கும் பகுதி ஆண்கள் முகமூடியும் நீளக் கையுறையுமாக வந்து, இடமிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள்.

இரத்தினம் எங்கே போவதென்று தெரியாமல் பலகையடியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இஞ்சை வாங்கோ அண்ணை" என்று பிரபாலினி வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள்.